இருமல் வண்டிச் சின்னய்யா

அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்த சின்னய்யா. வாசல் கம்பத்தில் கையை ஊன்றி நின்ற அவருடைய அண்ணன், பண்ணைக்கு உடையவரான பெரியய்யா. பெரியய்யாவோடு வந்த பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர். நிலக்காரர்கள் சங்கத்தில் முக்கியமான ஆள். அவருடைய டிரைவர், தண்ணித்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது நான். சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, சின்னய்யா கழற்றிக் கொடுத்த புகைக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஊரில் ஏழெட்டுப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாக ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அங்கே என்ன நடந்தது என்று உடனே சொல்லிவிட்டால் சின்னய்யாவைக் கெட்டவர் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் தள்ளிச் சொன்னால் பாவம் என்று நினைப்பீர்கள். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமில்லை.

சின்னய்யாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி 'ஆகட்டும்'தான். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும். ஸ்பேனர் வேண்டுமா, ஆகட்டும். ஜாக்கி வேண்டுமா, ஆகட்டும். போன ஜாக்கி திரும்பி வராது. அப்புறம் அவர் வண்டியைத் தூக்கச் செங்கல்லும் தென்னங்கட்டையுமாக அடுக்கி, அதன் மேல் ஏற்றி, அடியில் போய்ப் படுப்பார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்துக்கொண்டே நான் சாணி அள்ளுவேன். கால் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், "சின்னய்யா, இருக்கீங்களா?" என்று கேட்பேன். "இருக்கேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை.

ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கிற பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வரும்போது கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டுத் திருச்சியில் ஏலத்தில் ஒரு ராணுவ ஜீப்பை எடுத்து, அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்கார வேண்டிய வண்டி. பண்ணையின் மாட்டுக்கொட்டகையில் பாதியை அதற்கு ஒதுக்கினார் பெரியய்யா. மீதிப் பாதியில் ஆறு பசுவும் ஒரு ஜோடி வண்டிமாடும். அந்தப் பாதி என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து எனக்கு அந்தக் கொட்டகைதான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே கொட்டகைதான்.

ஜீப் பெட்ரோலைக் குடித்துத் தள்ளியது. பெரியய்யா முகம் சுளித்தார். டீசலுக்கு மாற்றிவிடலாம் என்று சின்னய்யா நாகூரில் ஒரு பழைய இரும்புக்கடை பாயிடம் சொல்லி வைத்து, ஒரு டீசல் இன்ஜினை மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். மூன்று சவுக்குமரத்தைக் கூம்பாக நட்டு, அரிசி மில்லிலிருந்து இரவல் வாங்கிய சங்கிலிக் கப்பியில் இன்ஜினைத் தூக்கி நிறுத்தினார். ஜீப்பில் அது உட்காரும் இடத்தை அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும்போது மில்காரர் வந்து கப்பியைத் திருப்பிக் கேட்டார். இரண்டு நாள் பொறுங்கள் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சின்னய்யா ஆகட்டும் என்றார். கப்பி போய்விட்டது. இன்ஜினை வடக்கயிற்றில் கட்டி, சவுக்குமரத்திலேயே தொங்கவிட்டார். மழைக்காலம் முழுக்க அது அப்படியே தொங்கியது. நேர் கீழே செவலைப் பசுவின் இடம். தினம் சாயந்தரம் நான் அந்தப் பசுவை அவிழ்த்துத் தள்ளிக் கட்டுவேன். பெரியய்யாவின் மனைவி பெரியம்மா வந்து, இடத்தை மாற்றினால் பால் குறையும் என்று பழைய இடத்திலேயே கட்டச் சொல்வார்கள். அவர்கள் போனதும் மறுபடியும் தள்ளிக் கட்டுவேன். இரவில் வீட்டில் படுத்தால் கயிறு நைந்துகொண்டிருக்கிற மாதிரியே இருக்கும்.

கடைசியில் இன்ஜின் ஜீப்புக்குள் இறங்கியது. எல்லாவற்றையும் முடுக்கிய பிறகு நாலைந்து போல்ட் மிஞ்சியது. எந்த வேலையிலும் அவருக்கு ஏதாவது மிஞ்சும். இது எந்த இடத்துப் போல்ட் என்று கேட்டால், வேண்டுமானால் அதுவே ஒருநாள் சொல்லும் என்று தகரடப்பாவில் போட்டு மூடிவிடுவார். சில சமயம் அது சொல்லத்தான் செய்தது. ஒரு தடவை மன்னார்குடி சாலையில் பின்சக்கரம் தனியாக முன்னால் உருண்டு போனதை இவர் ஓட்டிக்கொண்டே பார்த்திருக்கிறார்.

அந்த ஜீப்புக்கு ஒரு குணம் உண்டு. உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லிவர். அதைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நாலு சக்கரமும் இழுத்தால்தான் எங்கள் தெருவுக்கு வர முடியும். ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற வழி, வாய்க்காலைத் தாண்டி, வயல் நடுவே போகிற ஒரு மண்தடம். ஐப்பசியில் அது களிச்சேறு. மாட்டுவண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். சின்னய்யா அதற்காக டிராக்டருக்கு மாட்டுகிற மாதிரி இரும்புக்கம்பியில் சின்னதாக இரண்டு கூண்டுச்சக்கரம் செய்து, பின்டயருக்கு வெளிப்பக்கம் போல்ட்டில் பூட்டுகிற மாதிரி வைத்திருந்தார். பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பலகை போட்டார். வீட்டில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தின் பலகை அது. அதற்குப் பெரியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பது சந்தேகம்.

அது நெருப்பாக இருந்த காலம். புது ஆட்சி வந்து, உச்சவரம்பு என்றும் உழுகிறவனுக்குப் பட்டா என்றும் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் கணக்குக் கேட்பார் என்று பெரிய பண்ணைகள் நிலத்தைப் பிரித்து மச்சான் பேரிலும் மருமகன் பேரிலும் எழுதிக்கொண்டிருந்தன. பெரியய்யா இரண்டு வேலி நிலத்தைத் தம்பி பேருக்கு மாற்றினார். பத்திரத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்தார்கள். சின்னய்யா கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு ஆகட்டும் என்று கையெழுத்துப் போட்டார். எந்த வயல் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அறுப்புக் கூலியில் ஒரு படி கூட்டிக் கொடு என்று சிவப்புக்கொடியைக் கட்டி நின்றார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் எங்கள் தெருவுக்குத் தலைவர். எனக்கு மச்சாண்டார் முறை.

இரண்டு பக்கமும் சின்னய்யாவிடம்தான் வந்து நின்றது. ஒரு தடவை எங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு மைக்செட் வைக்க அவரிடம் பேட்டரி கேட்டார்கள். ஆகட்டும் என்று ஜீப் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அன்று சாயந்தரமே பெரியய்யாவுக்கு நிலக்காரர் சங்கக் கூட்டம். வண்டி கிளம்பவில்லை. பெரியய்யா மூடியைத் திறந்து பார்த்தார். பேட்டரி இருந்த இடம் காலி. தூரத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து மச்சாண்டாரின் குரல் பண்ணையின் பேரைச் சொல்லி மைக்கில் வந்துகொண்டிருந்தது.

"நம்மளத் திட்டுறதுக்கு நம்ம பேட்டரியாடா?" என்றார் பெரியய்யா.

"கேட்டாங்கண்ணே" என்றார் சின்னய்யா.

எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

வண்டிக்கு இருமல் வந்தது அதற்கு முந்தின வருஷம். ஜீப் சத்தம் என்றாலே அப்போது எங்கள் தெருவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். போலீஸ் வந்தாலும் ஜீப், நிலக்காரர்களின் அடியாட்கள் வந்தாலும் ஜீப். சத்தம் வாய்க்கால் கரையில் கேட்கும்போதே மூங்கில் தோப்புக்குள்ளும் கருவேலங்காட்டுக்குள்ளும் போய்விடுவார்கள். அந்த ஐப்பசியில் தெருக்கோடியில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை கால் பக்கமாக வந்து மாட்டிக்கொண்டது. நான்தான் ஓடிப்போய்ச் சின்னய்யாவிடம் சொன்னேன். ஆகட்டும் என்று உடனே எடுத்தார். லிவரைத் தள்ளி, உறுமி, சேற்றை வாரியடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்து நின்றால், ஒரு ஆண்பிள்ளை இல்லை. வண்டி வருகிறதென்று அத்தனை பேரும் ஓடிப்போயிருந்தார்கள், அந்தப் பெண்ணின் புருஷன் உட்பட. இருந்தது கிழவிகள். அவரும் நானும் இரண்டு கிழவிகளுமாகக் கட்டிலைத் தூக்கினோம், வழுக்கியது, இறக்கினோம், மறுபடி தூக்கினோம். நான் தோப்புப் பக்கம் பார்த்து ஆள் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு இன்னும் தூரம் ஓடினார்களாம். தஞ்சாவூருக்குப் போவதற்குள் பிள்ளை போய்விட்டது. தாய் பிழைத்தாள்.

சின்னய்யா இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து ஜீப்பின் சைலன்ஸரைக் கழற்றிப் போட்டார்.

"சத்தம் கேட்டு ஓடுறாங்கம்மா. ஓட வேண்டாத மாதிரி ஒரு சத்தம் வேணும்."

டிராக்டருக்கு இருப்பதுபோலப் புகைக்குழாயை முன்பக்கம் நேராக மேலே தூக்கி வைத்தார். வாய்க்காலில் இறங்கும்போது தண்ணீர் ஏறாமல் இருக்கவும் அது உதவும் என்றார். மழை உள்ளே விழாமல் இருக்கக் குழாயின் வாயில் ஒரு இரும்புத் தகட்டு மூடி. புகை தள்ளும்போது அது திறந்து திறந்து மூடும். அந்த மூடியில்தான் அவர் பாடுபட்டார். கீல் இறுக்கமாக இருந்தால் சத்தம் வராது. தளர்ந்திருந்தால் சலங்கை மாதிரி ஒரேயடியாக அடிக்கும். அராவி அராவி, தகட்டை மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார். கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி செருமுகிற மாதிரி. வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் இல்லை. தெருவில் பிள்ளைகள் முதலில் பேர் வைத்தார்கள்: இருமல் வண்டி. பிறகு எல்லோருக்கும் அது இருமல் வண்டிதான். சத்தம் கேட்டால் ஓடுவது நின்றது. கட்டிலைத் தூக்க நாலு பேர் முன்னால் வந்து நின்றார்கள். பாம்புகடி, வயிற்றுப்போக்கு, பிரசவம் என்று எத்தனை பேரை அந்தப் பத்தாயப் பலகையில் ஏற்றினோம் என்று கணக்கில்லை. ஒரு பெண் வழியிலேயே பலகையின் மேல் பெற்றாள். அந்தப் பிள்ளையை ஜீப்பு என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

இப்போது அந்த ஐந்து பேர் நின்ற நாளுக்கு வருகிறேன்.

தை மாதம். சம்பா அறுப்பு நின்றுபோயிருந்தது. ஒரு படிக்காகக் கதிர் வயலில் முற்றி உதிர்ந்துகொண்டிருந்தது. மச்சாண்டார் மேல் வழக்குப் போட்டுத் தேடினார்கள். அவர் வீட்டில் தங்குவதில்லை. அன்றைக்குச் சின்னய்யா, மூடியின் கீல் தேய்ந்துவிட்டதென்று குழாயைக் கழற்றிப் புதுக்கீல் வைத்திருந்தார். குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு அடியில் ஏதோ எண்ணெய் ஒழுகுகிறது என்று புகுந்திருந்தார். அப்போதுதான் பெரியய்யாவும் மற்ற இருவரும் வந்தார்கள்.

மறுநாள் விடியலில் வண்டி வேண்டும், கல்யாண வீட்டுக்கு ஆட்களைக் கூட்டி வர வேண்டும், இந்த மிராசுதாரின் டிரைவரே ஓட்டிக்கொள்வான் என்றார் பெரியய்யா. ஆகட்டும் என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் கூடையை எடுக்கக் குனிந்தேன். பக்கத்து ஊர் மிராசுதார் என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு பெரியய்யாவைப் பார்த்தார்.

"அந்தக் குழாயையும் மாட்டிக் குடு" என்றார் பெரியய்யா. "அந்தச் சத்தத்தோடயே வேணும்."

சின்னய்யா வெளியே வந்தார். சாக்கின் மேல் உட்கார்ந்தபடி அண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டிக்கு இருமல் எதற்கு என்று எனக்குத்தான் புரியவில்லை. அந்தச் சத்தம் யாருக்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியாதா? அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. கட்டைவிரலால் அதன் வாயைத் தடவிக்கொண்டே இருந்தார். டிரைவர் வைக்கோலைத் துப்பினான். செவலைப் பசு தும்மியது.

"ஆகட்டும்" என்றார்.

நான் குழாயை நிமிர்த்திப் பிடித்தேன், அவர் போல்ட்டை முடுக்கினார். அன்று ஒரு போல்ட்டும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இந்த மாதிரி, கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்கு அந்தச் சத்தம் வேண்டுமாம், எனக்கு என்னவோ மாதிரி இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். "உனக்கு வண்டி வந்தாலும் பயம், வராட்டியும் பயம்" என்றார். மச்சாண்டாரின் மனைவி, என் ஓரகத்தியிடமும் சொன்னேன். மேளம் வைக்கக் காசு இல்லையோ என்னவோ என்றாள் அவள்.

விடியற்காலையில் மச்சாண்டார் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மகள் பூங்கொடிக்குக் காய்ச்சல். பார்த்துவிட்டு ஒரு வாய் பழையது சாப்பிட்டுப் போகலாம் என்று வந்தவர். எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவர். வாய்க்கால் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. எழுந்து நின்றார். பிறகு இருமல் கேட்டது. செருமி, நிறுத்தி, மறுபடி செருமல். ஓரகத்தி, எதற்கும் போய்விடுங்கள் என்றாள்.

"சின்னய்யா வந்தா நாம ஏண்டி ஓடணும்?" என்று மறுபடி உட்கார்ந்தார்.

தெருவில் யாரும் ஓடவில்லை. இரண்டு பேர், யாருக்கு என்ன உடம்புக்கு, கட்டில் தூக்கணுமா என்று கேட்டுக்கொண்டு வண்டியை நோக்கிப் போகவே செய்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவர்களில் சின்னய்யா இல்லை. எல்லோர் கையிலும் தடி. அவர்களுக்குப் பின்னால் தடத்தில் போலீஸ் நடந்து வந்துகொண்டிருந்தது. மச்சாண்டாரைச் சோற்றுக்கையோடு வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அந்தக் கையைத்தான் முதலில் அடித்தார்கள். கையைக் கல்லில் வைத்து அடித்தார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பூங்கொடியின் முகத்தை என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகும்போதும் வண்டி இருமிக்கொண்டேதான் போனது.

அந்த வருஷம் கூலி கூடவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துக்கொண்டார்கள். மச்சாண்டார் ஜெயிலிலிருந்து வரும்போது வலது மணிக்கட்டு ஏறுமாறாக ஒட்டியிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. அரிவாள் பிடிக்கிற கை அது. வாத்துக்காரர்களிடம் வாத்து மேய்க்கப் போனார். அறுத்த வயலில் வாத்துக்கூட்டத்துக்குப் பின்னால் இடது கையில் கோலோடு போவார்.

எங்கள் தெரு பண்ணை வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகப் போனோம், நெல் வேண்டுமே. நான் திரும்பக் கொட்டகைக்குப் போனபோது குழாய் இல்லை. சின்னய்யா அதைக் கழற்றிவிட்டுப் பழைய சைலன்ஸரையே மாட்டியிருந்தார். வண்டி மற்ற வண்டிகள் மாதிரிதான் சத்தம் போட்டது. வாய்க்காலைத் தாண்டி அவர் வருவதும் நின்றது. யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தச் சித்திரையில் பாம்பு கடித்த ஒருவரை, பக்கத்தில் வண்டி நிற்கும்போதே, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரவில்லை.

நான் அவரோடு பேசாமல்தான் இருந்தேன். ஒருநாள் பொறுக்கவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து, ஆயில் சீலுக்குப் பதிலாகப் பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா சின்னய்யா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. தோலை வெட்டி முடித்தார். கண்ணுக்கு நேரே தூக்கி ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"கேட்டாங்கம்மா" என்றார்.

பேட்டரிக்குச் சொன்ன அதே பதில். நான் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபமா என்றால் கோபம் மட்டும் இல்லை. இவ்வளவு காலம் இந்த மனிதரின் தலைக்கு மேல் எது விழுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கல்யாணமாகிப் போன பூங்கொடி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மறுபடி ஐப்பசி, மறுபடி மழை. மத்தியானம் தொடங்கிய வலி பொழுது சாயும்வரை முடியவில்லை. மருத்துவச்சி, இது என் கையில் இல்லை என்று எழுந்துவிட்டாள். நான் பால் கறக்கப் போன இடத்தில் சின்னய்யாவிடம் சொன்னேன். வண்டி வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, மச்சாண்டார் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். இப்படி இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஆகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து கூண்டுச்சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து பூட்ட ஆரம்பித்தார்.

நான் தெருவுக்குப் போனபோது கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். நாலு பேர் தோளில் கட்டில், மேலே ஒரு பாய், பாயின் மேல் மழை. மெயின் ரோடு வரைக்கும் நடந்துவிட்டால் வாடகைக் கார் பிடிக்கலாம். மச்சாண்டாரால் தோள் கொடுக்க முடியவில்லை, பக்கத்தில் நடந்தார். வாய்க்கால் தாண்டியதும் தடத்தில் ஜீப் நின்றது. பின்கதவு திறந்து, பலகையின் மேல் ஒரு போர்வை விரித்திருந்தது. சின்னய்யா இறங்கி மழையில் நின்றார்.

மச்சாண்டார் அவரைப் பார்த்தார். பிறகு தூக்கி வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். பாய்க்கு அடியில் பூங்கொடி முனகிக்கொண்டிருந்தாள். ஏற்றிவிடுங்கள் என்று என் தொண்டை வரைக்கும் வந்தது.

"வேண்டாங்க" என்றார் மச்சாண்டார். "வழி விடுங்க."

சின்னய்யா ஏறி வண்டியை ஓரமாக ஒதுக்கினார். நாங்கள் கடந்து போனோம். பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கு வண்டி வந்தது. ஆனால் பின்னாலிருந்து விழுந்த வெளிச்சத்தில் எங்கள் நிழலே எங்கள் காலடியை மறைத்தது. முன்னால் தூக்கியவர் பள்ளம் தெரியாமல் சறுக்கி ஒரு முழங்காலில் விழுந்தார், கட்டில் சாய்ந்தது, பூங்கொடி கத்தினாள். வண்டி நின்றது. லிவரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் ஜீப் வரப்பை ஏறிக் குதித்து வயலுக்குள் இறங்கியது. சம்பா நட்டுத் தண்டு பிடித்து நின்ற பயிர். கூண்டுச்சக்கரம் அதைச் சேற்றோடு சேர்த்து மிதித்துக்கொண்டு எங்களுக்குப் பக்கவாட்டில் வந்தது. இப்போது வெளிச்சம் சாய்வாக விழுந்து தடம் முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளமும் தெரிந்தது.

யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி முக்கி, சறுக்கி, உறுமி, ஒவ்வொரு வரப்பாக ஏறி இறங்கி வந்தது. பண்ணையின் பயிரை அதுவரை மாடு மேய்ந்தாலே கட்டி வைத்து அடிப்பார்கள். அந்த வயல் அவர் பேரில் எழுதியிருந்த இரண்டு வேலியைச் சேர்ந்தது என்று பிற்பாடு கணக்குப்பிள்ளை சொன்னார். அவருக்கு அது தெரியுமோ தெரியாதோ. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அச்சு வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது. நாலு சக்கரமும் இழுத்தும் நகரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மீதித் தூரத்தையும் நடந்து ரோடு ஏறினோம். வாடகைக் கார்க்காரன் இந்த மழையில் தஞ்சாவூருக்கு நாற்பத்தைந்து ரூபாய் கேட்டான். முன்பணமாக வேண்டும் என்றான். எல்லோர் மடியையும் அவிழ்த்தாலும் பத்து தேறவில்லை. அப்போது சின்னய்யா தொடை வரைக்கும் சேறாக வயலிலிருந்து ஏறி வந்தார். சட்டைப்பையிலிருந்து நனைந்த நோட்டுகளை எடுத்துக் கார்க்காரனிடம் நீட்டினார். கார்க்காரன் எண்ணிக்கொண்டிருக்கும்போது மச்சாண்டார் நடுவில் வந்து நின்றார்.

"இது கடன்" என்றார். "திருப்பிக் குடுப்பேன். அப்ப வேண்டாம்னு நீங்க சொல்லக் கூடாது."

"ஆகட்டும்" என்றார் சின்னய்யா.

பூங்கொடியும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். பயிரைப் பார்த்துவிட்டுப் பெரியய்யா தம்பியை ஊர் நடுவில் நிறுத்திக் கேட்டார். இனி வண்டியை எடுக்கக் கூடாது என்றார். அதற்கும் அவர் ஆகட்டும் என்றுதான் சொன்னார், எடுக்கவும் இல்லை. மாடுகட்டி இழுத்து வந்த ஜீப் கொட்டகையிலேயே நின்றது. அவர் மட்டும் தினம் வந்து எதையாவது பிரிப்பார், மாட்டுவார், எண்ணெய் போடுவார். நான் கேட்பேன், "இருக்கீங்களா சின்னய்யா?" என்று. "இருக்கேம்மா" என்பார்.

ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் மச்சாண்டார் கொட்டகைக்கு வருவார். வாத்துக்கூலியில் மிச்சம் பிடித்தது, ஒரு தடவை மூன்று ரூபாய், ஒரு தடவை இரண்டு. இடது கையால் நீட்டுவார். இடது கையால் யாருக்கும் காசு கொடுக்க மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். அது முகத்தில் அடிக்கிற மாதிரி. அவருக்கு வேறு கை இல்லை. சின்னய்யா எழுந்து, கிரீஸைத் துடைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொள்வார். ஒருவருக்கொருவர் பேசி நான் கேட்டதில்லை. கொடுத்துவிட்டு இவர் போவார். அவர் மறுபடி வண்டிக்கு அடியில் போவார். ஒரு தடவைகூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஒரு மாசியில் சின்னய்யா தூக்கத்திலேயே போய்விட்டார். சாவுக்கு வந்த மச்சாண்டார் வாய்க்கால் கரையோடு நின்றுவிட்டார். மீதியைப் பெரியய்யாவிடம் கொடுத்து முடித்துவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு, அவனிடமா வாங்கினேன் என்றார். இப்போது மச்சாண்டாரும் இல்லை, பெரியய்யாவும் இல்லை. கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்கத்தான் இல்லை. பூங்கொடி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள், சித்தி, அதை யாரிடம் கொடுப்பது என்று. எனக்குத் தெரியவில்லை. பாக்கி பதினோரு ரூபாய்.